கடற்கரைக்கு வந்த விருந்தினரும் கடல் கடந்த ஆவணங்களும்

2019 அக்டோபர் 11, 12 ஆகிய நாட்களில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் மாமல்லபுரத்தில் சந்தித்தனர். அர்ச்சுனன் தபசும் ஐந்து ரதங்களும் கடற்கரைக் கோயிலும் அன்று உலகச் செய்தியாயின. ஆயினும் சீனத் தலைவர் ஒருவர் இக்கரைக்கு வந்தது அதுவே முதன்முறை அன்று. 1956 டிசம்பரில் சீனப் பிரதமர் சூ என்லாய் மாமல்லபுரம் வந்தார். அருகிலுள்ள குழிப்பாந்தண்டலம் என்னும் சிற்றூரின் மருத்துவ நிலையத்தையும் பார்வையிட்டார். இரு நாடுகளும் உடன்பிறப்புகள் என்ற முழக்கம் ஓங்கியிருந்த காலம் அது. ஆறாண்டுகளுக்குள் எல்லையில் போர் மூண்டது.

இடைப்பட்ட அந்த ஆறாண்டுகளை ஆராய்வோர் புதுதில்லி, பெய்ஜிங் ஆகிய இரு தலைநகரங்களின் கோப்புகளையும் நாட வேண்டும். 25 ஆண்டு கடந்த நிலையான கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர வேண்டும் என்பது இந்திய விதி. அமைச்சகங்கள் அதில் விரைவு காட்டுவதில்லை என்ற குறை பழையது. சேர்ந்தவற்றுள் ஒரு பகுதியை 2015இல் தொடங்கிய 'அபிலேக் படல்' என்னும் இணையவாயிலில் காணலாம்.

பெய்ஜிங்கின் கதை வேறு. சீன வெளியுறவு அமைச்சகம் 2004இல் தன் காப்பகத்தை ஆய்வாளர்க்குத் திறந்தது. சூ என்லாய் இங்கு வந்த ஆண்டும் அடங்கிய 1956–60 காலத் தாள்களுள் ஒரு பகுதி 2006இல் வெளிவந்தது. 2012–13இல் கதவு மீண்டும் ஒடுங்கிற்று. முன்பு படிக்கக் கிடைத்தவற்றுள் பெரும்பகுதி மறைந்தது. அதற்குள் படியெடுத்துக் கொண்டோரால் சில பிழைத்தன. வாஷிங்டனிலுள்ள வில்சன் மையத்தின் பனிப்போர் வரலாற்றுத் திட்டம் அத்தகைய படிகளைத் திரட்டி, ஆங்கிலத்தில் பெயர்த்து, மின்வடிவில் பொதுவில் வைத்தது. எவர் வீட்டு ஓலையோ எவர் வீட்டுப் பெட்டியில்! அந்தப் பெட்டிக்கும் காவல் உறுதியன்று: வில்சன் மையத்தையே சுருக்குமாறு 2025 மார்ச்சில் அமெரிக்க அதிபரின் ஆணை பிறந்தது.

கதவு திறந்திருந்தாலும் தேடுவோர்க்கு ஊர்ப்பெயர் ஓர் இடர். மாமல்லபுரம் சில தாள்களில் மகாபலிபுரம். பழைய ஐரோப்பியர் குறிப்புகளில் 'செவன் பகோடாஸ்'. ஒல்லாந்தர் கோட்டை கட்டிய சதுரங்கப்பட்டினம் 'சட்ராஸ்', செங்கல்பட்டோ 'சிங்கிள்புட்'. 1956இல் விருந்தினர் வந்தது செங்கல்பட்டு மாவட்டத்திற்கு. 2019 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்திற்கு. ஏழு வாரம் கழித்து, நவம்பர் 29 அன்று, அதே ஊர் புதிய செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. கணிப்பொறி இவற்றையெல்லாம் தானே அறியாது. குழிப்பாந்தண்டலத்தின் ழகரத்தை ஆங்கில எழுத்தர் எவ்வெவ்வாறு எழுதியிருப்பார் என ஊகித்துத் தேடத் தமிழறிந்தவரே வேண்டும்.