கிளாரெண்டன் அச்செழுத்தும் தடித்த எழுத்தின் பயன்பாட்டு வரலாறும்

அச்சிட்ட பத்தியொன்றில் ஒரு சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் காட்டுவது இன்று இயல்பான வழக்கமாகும். ஐரோப்பிய அச்சுக்கலையின் முதல் நான்கு நூற்றாண்டுகளில் இது பரவலாக வழங்கவில்லை. சொல்லை வேறுபடுத்திக் காட்டச் சாய்வெழுத்து, பெரிய எழுத்து, பழைய கோதிக் எழுத்து ஆகியவை பயன்பட்டன. சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி (1755) தலைச்சொற்களைப் பெரிய எழுத்துகளிலேயே தருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் வார்ப்பகங்கள் மிகத் தடித்த எழுத்துகளை வெளியிட்டன. வின்சென்ட் ஃபிகின்ஸின் 'ஆன்டிக்' அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அதன் கோடுகளின் முனையில் அமையும் அடிக்கட்டைகள் (செரிஃப்) செங்கல் போல் கனத்தவை. சுவரொட்டிக்கு ஏற்ற இவ்வெழுத்து, நூலின் வரிக்குள் வைத்தால் சுற்றியுள்ள சொற்களை விழுங்கிவிடும்.

இலண்டன் ஃபேன் தெரு வார்ப்பகம் 1845இல் வெளியிட்ட கிளாரெண்டன் இக்குறையைத் தீர்த்தது. வார்ப்பகத்தை வில்லியம் தோரோகுட்டும் இராபர்ட் பெஸ்லியும் நடத்தினர். எழுத்தை வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். இதிலும் அடிக்கட்டைகள் தடித்தவையே. ஆயினும் அவை கோட்டுடன் வளைவாக இணைகின்றன. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையே மிதமான வேறுபாடே உண்டு. அகலமும் குறுக்கப்பட்டது. ஆகவே சாதாரண உரோமன் எழுத்துடன் ஒரே வரியில் நின்று, வரியைக் குலைக்காமல் கண்ணில் பட்டது. அகராதி, கால அட்டவணை, விலைப்பட்டியல் முதலியன தொடர்ந்து படிப்பதற்கன்றித் தேடுவதற்கே உரியவை. அவற்றிற்கு வேண்டியது இத்தகைய எழுத்தே.

வணிக நோக்கில் இதன் வரலாறு அவ்வளவு இனிதன்று. 1842ஆம் ஆண்டின் அலங்கார வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பெஸ்லி இவ்வெழுத்தைப் பதிவு செய்தார். அச்செழுத்து ஒன்று இவ்வாறு பதிவு பெற்றது இதுவே முதன்முறை என்பர். பாதுகாப்போ மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. அது முடிந்தவுடன் பிற வார்ப்பகங்கள் போலிகளை வெளியிட்டன. பெஸ்லி வெளிப்படையாகவே குறைகூறினார். ஓர் எழுத்தின் எல்லா அளவுகளையும் எஃகில் வெட்டி முடிக்கும் உழைப்போடு ஒப்பிட்டால், மூன்று ஆண்டு என்பது காப்புரிமை என்று சொல்லத் தகாத காலமே.

போலிகள் பெருகப் பெயரும் பொதுச்சொல்லாயிற்று. ஆங்கில அச்சகங்களில் 'கிளாரெண்டன்' என்பது எந்தத் தடித்த எழுத்தையும் குறிக்கலாயிற்று. ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் அச்சகத்தை ஒட்டி இப்பெயர் இடப்பட்டது என்பது பொதுவான கருத்து. ஜேம்ஸ் மர்ரே பதிப்பித்த பேரகராதியின் முதற்பகுதியை 1884இல் வெளியிட்டதும் அவ்வச்சகமே. அதன் தலைச்சொற்கள் கிளாரெண்டன் வகை எழுத்தில் அமைந்தன.

அமெரிக்காவில் இவ்வெழுத்து மரத்தில் பெரிதாக வெட்டப்பட்டு மீண்டும் சுவரொட்டிக்கே சென்றது. 1953இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் இதைப் புதிதாக வரைந்தபோதும் பெயர் மாறவில்லை. பெஸ்லியின் பெயர் அதில் இடம்பெறவில்லை.