திருக்கோவிலூரில் கிடைக்காத வேலை

என் தமக்கையின் மகன் எம்.எஸ்ஸி. தேறிவிட்டு எட்டு மாதமாக உத்தியோகம் தேடுகிறான். தெருத் தெருவாக அலைகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். கூடத்து ஊஞ்சலில் சாய்ந்தபடியே கைபேசியில் 'லிங்க்ட்இன்' என்பதைத் திறந்து, தன் படிப்புப் படித்தவர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். "ஊர் பேர் தெரியாதவனிடம் போய் வேலை கேட்பார்களாடா? வெட்கமாயில்லை?" என்று அவன் தாயார் அங்கலாய்க்கிறாள். 2003-ம் வருஷம் மே மாதம் அந்த லிங்க்ட்இன் வந்த பிறகுதான் உலகத்தில் இந்த வழக்கமே தோன்றியது என்பது அவள் எண்ணம். எனக்கோ திருக்கோவிலூர் ஞாபகத்துக்கு வருகிறது.

1910-ம் வருஷம் திருக்கோவிலூரில் வி. ராமஸ்வாமி ஐயர் டிபுடி கலெக்டராக இருந்தார். அவரைத் தேடிக்கொண்டு கும்பகோணத்திலிருந்து ஒரு வாலிபர் வந்தார். கலியாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எப்.ஏ. பரீட்சையோ தேறவில்லை. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களெல்லாம் காலை வாரிவிட்டன. தாலுகா கச்சேரியிலோ முனிசிபல் ஆபீசிலோ ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதும் என்றார். கையில் சர்ட்டிபிகேட்டுக்குப் பதிலாக ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. வந்தவர் ராமாநுஜன் என்று சொல்லவேண்டியதில்லை.

அவர் இந்த டிபுடி கலெக்டரைத் தேடி வந்ததில் ஒரு காரணம் உண்டு. ராமஸ்வாமி ஐயருக்கும் கணிதப் பைத்தியம். மாணவராக இருந்தபோதே சீமைப் பத்திரிகை ஒன்றுக்குக் கணக்கு எழுதி அனுப்பினாராம். பத்திரிகாசிரியர் அவரைக் கல்லூரிப் பேராசிரியர் என்றே எண்ணிவிட்டார். அன்று முதல் சிநேகிதர்கள் மத்தியில் அவருக்குப் 'புரொபசர்' என்ற பட்டம் நிலைத்துவிட்டது! வெளியூர்களில் கணிதம் தெரிந்தவர்கள் புத்தகமும் பத்திரிகையும் கிடைக்காமல் தனித்தனியே தவித்துக்கொண்டிருந்த காலம் அது. 1906 டிசம்பரில் ஐயர் அப்படிப்பட்டவர்களுக்குச் சுற்றுக்கடிதம் எழுதினார். 1907-ல் சங்கம் ஏற்பட்டது. எல்லோரும் பணம் போட்டுப் பத்திரிகைகளை வரவழைத்து, ஒருவர் படித்ததும் மற்றொருவருக்குத் தபாலில் அனுப்பினார்கள். ஒருவரையொருவர் கண்ணால் பார்க்காமலே ஒருவர் புத்தியை மற்றவர் அறிந்துகொண்டார்கள். என் மருமான் கைபேசியில் செய்வதை அவர்கள் தபால் தலை ஒட்டிச் செய்தார்கள்.

ஐயர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு வேலை தர மறுத்துவிட்டார். இப்பேர்ப்பட்ட மூளையைக் கச்சேரிக் கட்டுகளுக்கு அடியில் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. வேலைக்குப் பதிலாகச் சென்னையில் இருந்த சேஷு ஐயருக்கு ஒரு கடிதம் கொடுத்தார்.

ஐயரின் பெருந்தன்மையை எல்லோரும் புகழ்கிறார்கள். நானும் புகழ்கிறேன். ஆனால் சம்பளத்தை நம்பி வந்து, ஒரு காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிய அந்தப் பிள்ளையின் மனசு அன்று என்ன பாடுபட்டிருக்கும்? கதை எழுதுகிறவனுக்கு அதைத்தான் யோசிக்கத் தோன்றுகிறது.

சேஷு ஐயர் நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவுக்குச் சிபாரிசு செய்தார். அவரும் அதே சங்கத்தைச் சேர்ந்தவர். அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். சும்மா இருந்து சாப்பிட ராமாநுஜனுக்குப் பிடிக்கவில்லை. அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் 20 ரூபாய்க்குச் சில வாரம் இருந்து பார்த்தார். 1912 பிப்ரவரி 9-ந் தேதி திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைத் துறைமுக டிரஸ்டுக்கு மனுப் போட்டார். கூடவே பிரஸிடென்ஸி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதமும் போயிற்று. துறைமுக ஆபீசில் பெரிய பொறுப்பில் இருந்த நாராயண ஐயர் யார் என்கிறீர்கள்? அவரும் கணித சங்கத்தவர்தான்! மார்ச்சு முதல் தேதி, 30 ரூபாய்ச் சம்பளத்தில் ராமாநுஜன் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாமா, சித்தப்பா சிபாரிசு வேறு, இது வேறு. அமெரிக்காவில் கிரானவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர், தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களை விசாரித்து 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். துப்புச் சொன்னவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்கூட இல்லை. எப்போதாவது சந்திக்கிறவர்களும், சந்திப்பதே அபூர்வமானவர்களுமே மற்றவர்களுக்கு வழி காட்டியிருந்தார்கள். நெருங்கிய உறவினருக்கு நமக்குத் தெரிந்த சமாசாரம்தானே தெரியும்? இதைத் தமக்கையிடம் சொன்னேன். "அமெரிக்காக்காரன் சொல்வது இருக்கட்டும், துறைமுகத்தில் உனக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டாள்.

வேலை கிடைத்த பிறகுதான் மனைவி ஜானகி சென்னைக்கு வந்து சேர்ந்தாள். காரியாலயத்தில் நாராயண ஐயர் அந்த இளைஞரை வெறும் குமாஸ்தாவாக நடத்தவில்லை. கூட உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1913 ஜனவரி 16-ந் தேதி ராமாநுஜன் மற்றுமொரு கடிதம் எழுதினார். தாம் சென்னைத் துறைமுகத்தில் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று ஆரம்பத்திலேயே அதில் சொல்லிவிட்டார். அதுவும் முகம் தெரியாத ஒருவருக்கு எழுதியதுதான். விலாசம், கேம்பிரிட்ஜ் டிரினிடி காலேஜ், ஹார்டி.