கதிர்காமப் பாதையின் கட்டுச்சோறு

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் கும்பிட்டுவிட்டுக் கதிர்காமம் வரை நடந்துபோவது வடமராட்சியின் பழைய வழக்கம். வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று கிழக்குக் கரையோரமாகப் பாதை நீளும். ஒன்றரை மாதமாவது பிடிக்கும். நடந்துவந்த என் அம்மம்மா சாமி கதையைவிடச் சாப்பாட்டுக் கதைதான் அதிகம் சொல்லுவா. "வெறுவயித்தோட நடக்கப்படாது மோனை, காய்ச்சல் பிடிச்சிடும்" என்பது அவவின் சட்டம்.

அதற்காகத்தான் முடிச்சில் பனங்கட்டிக் குட்டானும் புழுக்கொடியலும் பொரிவிளாங்காயும். வறுத்த அரிசிமாவையும் பயற்றையும் பாகில் பிடித்த அந்த உருண்டை கல்லுப்போல இருக்கும். கடிக்க ஏலாது, கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டு நடந்தால் மெல்ல மெல்லக் கரையும்.

உயிரியல் படிப்பித்த எனக்கு அந்தச் சட்டத்தின் நியாயம் பிறகுதான் பிடிபட்டது. 1987 லொஸ் ஏஞ்சலஸ் மரதனை ஓடி முடித்தவர்களில் 12.9 சதவீதத்தினருக்கு அடுத்த வாரமே தடிமன், காய்ச்சல். பயிற்சி எடுத்தும் ஓடாமல் நின்றவர்களில் 2.2 சதவீதத்தினருக்கு மட்டுமே. இதைக் கணக்கெடுத்த டேவிட் நீமன் பிறகு மாச்சத்தைச் சோதித்தார். நெடுநேர உழைப்பில் இரத்தத்தில் குளுக்கோசு குறைந்தால் கோட்டிசோல், அட்ரினலின் என்னும் ஓமோன்கள் ஏறும். நோய் எதிர்க்கும் கலங்கள் குழம்பும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போனால் அந்த ஏற்றம் தணியும். ஆனால், அதனால் தடிமனே வராது என்று உறுதியாக நிறுவப்படவில்லை.

அம்மம்மாவின் சட்டத்துக்கும் எல்லை உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் கதிர்காம யாத்திரிகரை வாரிக்கொண்டுபோனது கொலரா. அது தண்ணீரால் வருவது. பனங்கட்டி அதைத் தடுக்காது. கொலராவுக்கு அஞ்சி ஆங்கில அரசு யாத்திரிகர் தொகையையே கட்டுப்படுத்தியது. முன்பு யாழ்ப்பாணக் கச்சேரியில் இருந்த லெனாட் வூல்ஃப், 1910 இல் அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபராகக் கதிர்காமத்திலேயே தங்கித் திருவிழாவை மேற்பார்வையிட்டார்.

அதோடு, யாத்திரை ஓட்டப்போட்டியுமல்ல. விடியலில் நடை, வெயிலேற மர நிழல், பொழுதுபட ஒரு கோயில். அங்கே சோறு. 65 ஆலிலைகளில் முருகனுக்கு அமுது படைக்கும் சந்நிதியில் தொடங்கி, ஊருக்கு ஊர் அன்னதானம். முடிச்சில் இருந்தது இடைவழிக்கு மட்டும். ஒன்றரை மாத நடையைத் தாங்கியது வழியிலிருந்த அடுப்புகள்தான்.

1983 க்குப் பின் போர் அந்த ஊர்களைக் கலைத்தபோது அடுப்புகளும் அணைந்தன. சந்நிதியிலிருந்து புறப்படும் யாத்திரையும் நின்றுபோனது. இப்போது வைகாசியில் மறுபடி புறப்படுகிறார்கள். எந்த ஊரில் யார் சமைக்கிறார்கள் என்று முதலில் விசாரித்துக்கொண்டுதான் வேல் தூக்குகிறார்கள்.