கார் போச்சு, என்ஜின் பிழைச்சுது

1/ பிஎம்டபிள்யூ கார்ல 'எம்' எழுத்தைப் பாத்திருப்பீங்க. 1972-ல் 35 பேரோட ஆரம்பிச்ச ரேஸ் பிரிவு அது.

2/ 1978-ல் தனியா எம்1-னு ஒரு கார். ரேஸ் விதிப்படி 400 கார் தயாரிக்கணும். ஒப்புக்கொண்ட லம்போர்கினிகிட்ட காசில்ல. வேலை கைமாறி இழுத்துக்கிட்டே போச்சு. கடைசியில் 500 கூடத் தேறல.

3/ ஆனா அதோட 3.5 லிட்டர், 24 வால்வு என்ஜினைக் கொஞ்சம் மாத்தி சாதாரண 5 சீரிஸ் செடான்ல வெச்சாங்க. எங்க பாஷையில உறுப்பு தானம்! முதல் எம்5 அப்படித்தான் வந்தது.

4/ 1986 எம்3-ல் கதையே வேற. குரூப் ஏ ரேஸுக்கு 12 மாசத்துல 5000 கார் தயாரிச்சாகணும். அதனால ரேஸுக்கு என்ன வேணும்னு முதல்ல பாத்து, ரோட்டுல ஓடுற காரோட ஃபெண்டர், பின்கண்ணாடி சாய்வு வரைக்கும் மாத்தினாங்க. பானெட் மாதிரி சிலதுதான் பழைய 3 சீரிஸ்.