அழற்சியை அறிந்த வழிகள்

திருகோணமலையைச் சேர்ந்த லிங்கநகர் வாசிகளுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் தூரத்துத் தலமன்று; அநுராதபுர வீதியில் சிறிது தொலைவு சென்று திரும்பினால் வந்துவிடும். இராவணன் தன் தாயின் அந்திமக் கிரியைக்காக உண்டாக்கியவை என்று ஐதிகம் கூறும் அந்த ஏழு சிறு கிணறுகளில் ஒன்றன் சூடு மற்றொன்றில் இராது. இறந்தோர் பொருட்டு அந்தியேட்டி செய்ய வருவோரும், முழங்கால் வீக்கத்துக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் பரிகாரம் தேடி வருவோரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாளியால் மொண்டு வார்த்துக்கொள்வது அங்கே நெடுநாளைய வழக்கம்.

யாழ்ப்பாண அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களைப் பயின்ற ஈழத்துப் பரியாரிமார், அத்தகைய வீக்கத்தோடு வருவோரின் நாடி பார்த்து, வீங்கிய மூட்டைத் தொட்டுச் சூடறிந்து, பற்றுப் போடவும் ஒத்தடம் கொடுக்கவும் சொல்வார்கள். முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதிய செல்சஸும் செம்மை, வீக்கம், உஷ்ணம், நோவு என்ற நான்கினையே அழற்சியின் லட்சணங்களாக வகுத்தார். கடல்கள் பல இடையிட்ட இவ்விரு சாராருக்கும் கண்ணும் கையுமே கருவிகள். தோலுக்கு அருகில் மூண்ட அழற்சி அவற்றுக்குத் தப்பாது. முள்ளந்தண்டின் அடியிலோ இருதயத் தசையிலோ மூண்டதை அநுமானித்தே உணர வேண்டியிருந்தது.

கைக்குப் பதிலாக அளவுகோல் வந்த காலத்தை நினைக்கும்போது கன்னியாவையே மறுபடி நினைக்க நேர்கிறது. 1816 முதல் 1820 வரை இலங்கையில் ஆங்கில இராணுவ வைத்தியராக இருந்த ஜான் டேவி, சுரங்க விளக்கினால் பெயர்பெற்ற ஹம்ப்ரி டேவியின் தம்பி. இவர் கன்னியாவின் நீரைப் பரிசோதித்து, 1821இல் வெளியான தம் இலங்கை நூலில் அதைப் பற்றி எழுதினார். பூமியின் சூட்டை ஆராய்ந்த இவரே மனிதர், பிராணிகள் ஆகியோரின் தேக உஷ்ணத்தையும் ஆராய்ந்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம். ஆயினும் நோயாளியின் படுக்கையருகே எளிதில் கொண்டுசெல்லத்தக்க சிறிய உஷ்ணமானியை ஆல்பட் என்பார் அமைத்தது 1866இல்தான். அதுவும் ஜுரம் உண்டு என்று சொல்லுமேயன்றி, அழற்சி எங்கே என்று சொல்லாது.

அடுத்த ஆண்டே வேறொரு திசையில் கதவு திறந்தது. ஜெர்மனியில் கோன்ஹைம் என்னும் பண்டிதர், உயிருள்ள தவளையின் மெல்லிய சவ்வைப் நுண்ணோக்கியின் கீழ் விரித்து, அழற்சி மூண்டபோது வெள்ளணுக்கள் இரத்தக் குழாயின் சுவரைக் கடந்து வெளியேறுவதைப் பிரத்தியட்சமாகக் கண்டார். அணுக்களோடு நீரும் கசிந்து சுற்றியுள்ள திசுவில் தேங்குகிறது. வீக்கம் என்பது பெரும்பாலும் அந்த நீரே. 1895இல் வந்த எக்ஸ்ரே எலும்பைக் காட்டிற்று, இந்த நீரைக் காட்டவில்லை. ஆகவே எலும்பு அரிக்கப்பட்ட பின்னரே, அதாவது தீங்கு நிகழ்ந்து முடிந்த பின்னரே, வைத்தியர் அதை அறிந்தனர்.

நீரைத் தேடும் கருவி எம்.ஆர்.ஐ. பூமியின் காந்தத்தைவிட 30,000 மடங்குக்கும் மேற்பட்ட வலிமையுள்ள காந்தத்தினுள் தேகத்தைக் கிடத்தி, ரேடியோ அலையால் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் கிளறிவிட்டால், அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது விடுக்கும் சமிக்ஞையைக் கொண்டு படம் அமைகிறது. 1973இல் லாட்டர்பர் காட்டிய இவ்வழியையும் மான்ஸ்ஃபீல்டின் கணித வேலையையும் 2003ஆம் ஆண்டின் நோபல் பரிசு கௌரவித்தது. அழற்சியைக் காண்பதற்கோ, 1985இல் இங்கிலாந்தில் பிடரும் யங்கும் விவரித்த ஸ்டிர் முறையே பெரிதும் உதவிற்று: கொழுப்பின் சமிக்ஞையை அடக்கிவிடுவதால், நீர் கசிந்த இடம் மாத்திரம் கரிய படத்தில் வெண்மையாகத் தோன்றும். இடுப்பெலும்பும் முள்ளந்தண்டும் கூடும் மூட்டில், எக்ஸ்ரேயில் மாறுதல் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, மச்சையில் தேங்கிய நீரை இம்முறை காட்டிவிடுகிறது. முதுகு இறுகிக் குனிய முடியாமற் செய்யும் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை நோய்களை ஆரம்பத்திலேயே இனங்காண்பதற்கு 2009இல் வகுக்கப்பட்ட சர்வதேச விதிகளில் எம்.ஆர்.ஐ.யும் இடம்பெற்றது இதனாலேயே. இருதயத் தசை, குடற்சுவர், மூளை ஆகியவற்றின் அழற்சிக்கும் இதே நீர்தான் சாட்சி. கடோலினியம் கலந்த மருந்தை இரத்த நாளத்தில் ஏற்றினால், கசிகின்ற குழாய்களின் வழியே அது சென்று சேருமிடமும் துலங்கும்.

ஆனால் வெண்மை கண்டதெல்லாம் நோயென்று கொள்வதற்கில்லை. ஓட்டப் பந்தயக்காரரிடத்தும் அண்மையில் பிரசவித்த தாய்மாரிடத்தும் அதே மூட்டில், பாரம் தாங்கியதன் விளைவாக, அத்தகைய வெண்மை தோன்றுவதுண்டு. தேகமெங்கும் மெல்லப் பரவிய சிறு அழற்சியோ படத்தில் தோன்றாமலே போகலாம். அதனால், படத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் வைத்தியரும் இரத்தப் பரிசோதனையைப் பார்க்கிறார்; காலையில் எழும்போது இடுப்பு எவ்வளவு நேரம் இறுகியிருக்கிறது, நடந்தால் தணிகிறதா, படுத்திருந்தால் தணிகிறதா என்றும் விசாரிக்கிறார்.