‘சாங்ஷன்’ என்னும் சொல்லும் நயினாதீவுக் கல்வெட்டும்

ஒரு சொல் தம்முள் மாறுபட்ட இரு பொருள்களைத் தருமாயின், அம்மாறுபாட்டின் வேரை வரலாற்றிலே தேடுதல் வேண்டும். ‘சாங்ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் அத்தகையது. கந்தோரில் மேலதிகாரி ஒரு விண்ணப்பத்துக்கு இசைவளித்தலும் ‘சாங்ஷன்’ எனப்படும். 1935ஆம் ஆண்டில் அபிசீனியாமீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராகச் சர்வதேச சங்கம் விதித்த பொருளாதாரத் தடைகளும் அச்சொல்லாலேயே குறிக்கப்பட்டன.

இச்சொல்லின் மூலம் இலத்தீன் ஆகும். புனிதமாக்கி, மீறலாகாதெனக் கட்டுதல் என்பது அதன் வேர்ப்பொருள். ஆங்கிலத்தில் அது முதலில் ஆணையையும், பின்னர் ஆணையை மீறுவோர்க்குரிய தண்டத்தையும், அதன்பின் அதிகாரமுடையார் தரும் ஒப்புதலையும் குறிப்பதாயிற்று. எனவே வெறும் பாராட்டு ‘சாங்ஷன்’ ஆகாது. கட்டுப்பாட்டோடு கூடிய ஒப்புதலே அப்பெயர்க்கு உரியது. தமிழில் ‘உத்தரவு’ என்னுஞ் சொல் கட்டளையையும் விடையளித்தலையும் ஒருங்கே உணர்த்துதல் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இவ்வொப்புதலின் இயல்பை விளக்கும் சான்றொன்று நம் தீவகத்திலேயே உண்டு. நயினாதீவு நாகபூஷணியம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) ஆணையாகும். கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளான வணிகர் பாதுகாக்கப்படல் வேண்டும் என்பது அதன் முதற்கருத்து. யானை குதிரைகளை அரசனுக்குக் கொண்டுவந்த மரக்கலம் சேதமுறின், நாலில் ஒரு பங்கைப் பண்டாரம் கொண்டு, எஞ்சிய மூன்று பங்கையும் உடையவனுக்கு விடல் வேண்டும். பிற வணிகப் பொருள் ஏற்றிய மரக்கலமாயின் இருவர்க்கும் செம்பாதி. இவ்வாணை சந்திராதித்தர் உள்ளவரை நிலைக்குமாறு கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டதென அக்கல்வெட்டே கூறுகின்றது.

இங்கே வணிகர்க்கு அளித்த இசைவும் பண்டாரத்துக்கு இட்ட வரம்பும் ஓராணையில் அடங்கின. கடல் ஒதுக்கிய பொருள் முழுவதையும் கவரும் வலிமை அரசனிடம் இருந்தது. எனினும் அவன் தன் கையைத் தானே கட்டிக்கொண்டான். வணிகர் நம்பி வந்து கரையேறுதற்கு அக்கட்டே பிணையாயிற்று. சிங்கள நாட்டு வேந்தன் அதனைத் தமிழிலே பொறித்தமை, ஆணையைப் படித்தறிய வேண்டியோர் யாவர் என்பதையும் உணர்த்தும்.

ஒல்லாந்தர் காலத்தில் இதன் மறுபுறத்தைக் காண்கிறோம். யாழ்ப்பாணத்து வழமைகளைக் கிளாஸ் ஈசாக்சு என்பார் 1707இல் தொகுத்து முடித்தார். அத்தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது; அவர்கள் படித்து உடன்பட்டனர். பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். நயினாதீவில் ஆள்வோன் தன்னைக் கட்டினான். தேசவழமையிலோ, ஆளப்படுவோரின் முதல்வர் இசைந்த பின்னரே ஆள்வோர் வலுவளித்தனர். ஆயினும் அப்பன்னிருவரும் உயர்நிலையினரே என்பதும், வழமையிற் கூறப்பட்ட அடிமைகளின் இசைவை எவரும் கேட்டிலர் என்பதும் மறத்தற்குரியன அல்ல.

ஆகவே ‘சாங்ஷன்’ என்பதன் இரு பொருளும் உண்மையிற் பகையல்ல. ஒப்புவோனையும் கட்டுவதே மெய்யான ஒப்புதல். பிறரை மட்டும் கட்டுவது வெறும் அதிகாரமேயாம். ஓர் ஒப்புதலின் தகுதியை அறிய விரும்புவோர், அளித்தவர் யார் என்பதோடு அமையாது, அதனால் எவரெவர் கட்டுண்டனர், எவர் கேட்கப்படாது விடப்பட்டனர் என்பவற்றையும் ஆராய்தல் கடன்.