மூக்குக்குள்ள ஒரு மூளை மடிப்பு

ஒருத்தருக்கு மூக்குல ஒரு பக்கம் மட்டும் மாசக்கணக்கா அடைச்சே இருக்கு. ஈ.என்.டி. டாக்டர் சின்னக் கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்த்துட்டு, "சதை வளர்ந்திருக்கு"ன்னு சொல்றார். அது என்ன சதை? இன்னிக்கு விஷயம் இதுதான். புற்றுநோய் இல்லாத வளர்ச்சிகள்லயே நிறைய வகை உண்டு, நாம மூணை மட்டும் எடுத்துக்கலாம்.

முதல்ல பாலிப். நாள்பட்ட அழற்சியால வீங்கித் தொங்குற சவ்வு, கறாரா சொன்னா கட்டியே இல்லை. அடுத்தது இன்வெர்டட் பாப்பிலோமா. பெரும்பாலும் நடுத்தர வயசு தாண்டின ஆண்களுக்கு, ஒரு பக்கம் மட்டும் வரும். சட்டைக் கையை உள்பக்கமா மடிச்சு விட்ட மாதிரி, கீழே இருக்கிற திசுவுக்குள்ள இறங்கி வளரும். இந்த உள்நோக்கிய வளர்ச்சியை 1938-ல ஸ்வீடனைச் சேர்ந்த நில்ஸ் ரிங்கெர்ட்ஸ் விவரிச்சார். ஒட்டியிருக்கிற இடத்தைச் சுத்தமா எடுக்கலைன்னா திரும்ப வரும். சுமாரா பத்துல ஒருத்தருக்கு அதோட புற்றுநோயும் சேர்ந்திருக்கும். மூணாவது ஆஞ்சியோஃபைப்ரோமா. கிட்டத்தட்ட டீன்ஏஜ் பையன்களுக்கு மட்டுமே வர்றது, உள்ளே ரத்தக்குழாய்கள் நெருக்கமா இருக்கும்.

ஒரு துண்டு வெட்டி மைக்ரோஸ்கோப்ல பார்த்தா தெரிஞ்சிடுமேன்னு தோணும். ஆனா அந்த மூணாவது கட்டியில தெரியாம கத்தி வெச்சா, ரத்தத்தை நிறுத்துறது பெரும்பாடு. பாப்பிலோமாவுல வேற பிரச்சினை: ஒரு மூலையில எடுத்த துண்டு நல்லாவே இருக்கும், புற்றுநோய் இன்னொரு மூலையில உட்கார்ந்திருக்கும். அதனால வெட்டறதுக்கு முன்னாடியே உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணும். அங்கதான் எம்.ஆர்.ஐ. வருது.

எம்.ஆர்.ஐ. வரலாற்றோட ஆரம்பத்துலயே இந்த ஆசை இருக்கு. 1971 மார்ச்ல 'சயின்ஸ்' இதழ்ல நியூயார்க் டாக்டர் ரேமண்ட் டமாடியன் ஒரு கட்டுரை போட்டார். அப்போ படம் எடுக்கிற மெஷினே கிடையாது. எலியோட திசுத் துண்டுகளை காந்தத்துக்குள்ள வெச்சு, ரேடியோ அலையால ஹைட்ரஜன் அணுக்களைத் தட்டிவிட்டு, அது பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகுதுன்னு அளந்தார். ரெண்டு வகை புற்றுக் கட்டிகள்ல அந்த நேரம் அதிகமா இருந்தது. புற்று இல்லாத ரெண்டு கட்டிகளையும் அளந்தார். அதுல வந்த அளவு தசையோட அளவு மாதிரியே இருந்தது. அதாவது ஒரு நம்பரை வெச்சே நல்ல கட்டி, கெட்ட கட்டியைப் பிரிச்சிடலாம்!

ஒரே ஒரு 'இஃப்' கண்டிஷன்ல வேலை முடியுதுன்னா எந்த எஞ்சினியருக்குத்தான் பிடிக்காது?

1973-ல பால் லாட்டர்பர் காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் மாத்தி, அந்த சிக்னல்லேருந்து படமே உருவாக்கலாம்னு காட்டினார். இங்கிலாந்துல பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் அதை இன்னும் முன்னே கொண்டுபோனார். 2003-ல ரெண்டு பேருக்கும் நோபல் கிடைச்சது. டமாடியனுக்குக் கிடைக்கலை. அவர் பத்திரிகைகள்ல முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டது தனி எபிசோடுக்கான கதை.

ஆனா நம்பர் கனவு நிலைக்கலை. அழற்சி, நீர்க்கோர்வை, கட்டி எல்லாத்தோட நேரங்களும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்தது. மூக்கைப் பொறுத்தவரை முதல் உருப்படியான உதவி 1988-ல வந்தது. நியூயார்க் மவுண்ட் சைனாயில பீட்டர் சோம் குழு, டி2 வகைப் படத்துல தேங்கின சளியும் அழற்சியும் வெள்ளையா பளிச்சுனு தெரியும், செல்கள் நெருக்கமா இருக்கிற கட்டி நடுத்தரச் சாம்பலா தெரியும்னு காட்டினாங்க. சளியில தண்ணி அதிகம், அவ்வளவுதான் காரணம். கட்டி எங்க முடியுது, அதுக்குப் பின்னாடி சைனஸ்ல அடைபட்ட சளி எங்க ஆரம்பிக்குதுன்னு சர்ஜனுக்கு எல்லை கிடைச்சது.

ஆஞ்சியோஃபைப்ரோமாவும் தன்னைத்தானே காட்டிக் கொடுத்துடும். வேகமா ஓடற ரத்தத்துலேருந்து சிக்னல் திரும்ப வராது, அதனால படத்துல கருப்புப் புள்ளியா விழும். வெளிறின திசு நடுவுல கருப்புப் புள்ளிகள். ரேடியாலஜிஸ்டுகள் இதை உப்பும் மிளகும்னு சொல்வாங்க. அதைப் பார்த்துட்டா கத்தியைக் கீழே வைக்கணும்.

முரண்டு பிடிச்சது பாப்பிலோமாதான். 1992-ல டேவிட் யூசெம் குழு, எம்.ஆர்.ஐ.-யை வெச்சு இதைப் புற்றுநோய்லேருந்து நம்பகமா பிரிக்க முடியலைன்னே எழுதினாங்க. அதுக்கப்புறம்தான் பார்வை மாறுச்சு. 2000-ல ஜப்பானைச் சேர்ந்த ஒஜிரி குழு, கட்டி எவ்வளவு வெள்ளையா இருக்குங்கிறதை விட்டுட்டு அதோட கோலத்தைப் பார்த்தாங்க. உள்ளே வெளுப்பும் கருப்புமா மாறி மாறி வளைஞ்சு போற பட்டைகள், மூளையோட மடிப்பு மாதிரி. அது வேற ஒண்ணுமில்லை, ரிங்கெர்ட்ஸ் பார்த்த அதே உள்நோக்கிய மடிப்புதான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மூக்குச்சளி மூளையிலேருந்துதான் ஒழுகுதுன்னு ஐரோப்பாவுல ரொம்ப காலம் நம்பினாங்க. 1660-கள்ல ஜெர்மனியின் விட்டன்பர்க்ல கான்ராட் விக்டர் ஷ்னைடர், இல்லை, அது மூக்கோட சவ்வுலேருந்துதான் வருதுன்னு நிறுவினார். அந்தச் சவ்வுக்கு அவர் பேர்தான். அதே சவ்வுல முளைக்கிற கட்டிதான் இப்போ ஸ்கேன்ல மூளை மாதிரி தெரியுது.

இந்த அடையாளத்தை எவ்வளவு நம்பலாம்? 2008-ல ஒரு தென் கொரியக் குழு சோதிச்சது. 30 பாப்பிலோமாக்கள்லயும் மடிப்பு இருந்தது. ஆனா 128 புற்றுக் கட்டிகள்ல 17-லயும் இருந்தது. கணக்கைத் திருப்பிப் பாருங்க: மடிப்பு தெரிஞ்ச 47 பேர்ல 17 பேருக்குப் புற்றுநோய். மூணுல ஒருத்தருக்கும் மேல! மடிப்பு இருக்கு, அதனால பயமில்லைன்னு அனுப்பி வெச்சா அது பெரிய தப்பு. மடிப்பு இல்லவே இல்லைன்னா பாப்பிலோமாவா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவுங்கிறதைத்தான் இது உறுதியா சொல்லுது.

அதனால பயாப்ஸிக்கு இன்னும் வேலை போகலை. ஆனா அந்தக் குழு கவனிச்ச இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமா படுது. புற்றுநோய் சேர்ந்திருந்த பாப்பிலோமாக்கள்ல, சில இடத்துல மட்டும் மடிப்பு கலைஞ்சிருந்தது. அப்போ துண்டு எடுக்கப்போற சர்ஜன், கைக்கு எட்டுற மூலையை விட்டுட்டு அந்தக் கலைஞ்ச இடத்துக்குப் போகலாம்.